இயந்திரத்துக்கு ஞாபகசக்தி தந்த மேதை

ஆறுமுகநேரி உப்பளத்தில் எத்தனை மூட்டை உப்பு லாரியில் ஏறியது என்று கணக்குப்பிள்ளை நோட்டில் எழுதுவார். நோட்டு இல்லாவிட்டால் நேற்றைய கணக்கு இன்று மறந்துபோகும்.

கணக்கை மட்டுமல்ல, கணக்குப் போடும் முறையையும் இயந்திரத்தின் நோட்டிலேயே எழுதி வைக்கலாம் என்று கண்டவர் ஒருவர் உண்டு. அவர்தான் ஆலன் டூரிங்.

போத்தனூர் தாய்

டூரிங்கின் தாயார் கோவை அருகே போத்தனூரில் பிறந்தவர். தந்தை சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. ஆலன் 1912-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியா திரும்பினார்கள். பிள்ளை இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தான்.

காகித நாடா

1936-ம் ஆண்டு டூரிங் மனதிலேயே ஓர் இயந்திரம் செய்தார். அதற்குக் கட்டம் கட்டமான நீண்ட காகித நாடா. இயந்திரம் ஒரு கட்டத்தைப் படிக்கும், எழுதும், அழிக்கும், அடுத்த கட்டத்துக்கு நகரும். செய்முறையையும் நாடாவில் எழுதிவிட்டால், ஒரே இயந்திரம் பல வேலை செய்யும்!

பாதரசக் குழாய்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியச் செய்திகளைக் கண்டுபிடிக்க உதவினார். போர் முடிந்ததும் நிஜக் கம்ப்யூட்டருக்குத் திட்டம் தீட்டினார். அதன் ஞாபகத்துக்குப் பாதரசக் குழாயைத் தேர்ந்தெடுத்தார். எண்கள் ஒலி அலையாகக் குழாயில் ஓடும். மறுமுனைக்கு வந்ததும் மீண்டும் முதலிலிருந்து ஓடும். கடைக்குப் போகும் சிறுவன் சாமான் பெயரை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போவதுபோல! அந்தத் திட்டத்தைச் சுருக்கிச் செய்த கம்ப்யூட்டர் 1950-ம் ஆண்டு மே மாதம் ஓடியது.

இன்று செல்போனில் இரண்டு ஞாபகங்கள் உண்டு. ஒன்று சிலேட்டு. வேலை நடக்கும்வரை இருக்கும், அணைத்தால் அழியும். மற்றது நோட்டு. போட்டோவும் பாட்டும் அதில் நிலைத்திருக்கும்.

உள்ளே ஒரு கங்காணி

உப்பளத்தில் யார் எந்தப் பாத்திக்குப் போவது என்று கங்காணி சொல்வார். டூரிங் காலத்தில் கம்ப்யூட்டருக்கு அந்த வேலையை மனிதர்களே பார்த்தார்கள். அவர் கடைசியாகப் பணிபுரிந்த மான்செஸ்டரில், 1962-ம் ஆண்டு, அட்லஸ் என்ற கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஒரு கங்காணி வந்தார். எந்த வேலை முதலில், எதற்கு எவ்வளவு இடம் என்று பிரித்துக் கொடுக்கும் கட்டளைத் தொகுப்பு அது. அதற்குச் சூப்பர்வைசர் என்றே பெயர். இன்று ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறார்கள்.

சோக முடிவு

அதைப் பார்க்க டூரிங் உயிரோடு இல்லை. ஆணுடன் ஆண் உறவு கொள்வது அந்நாளில் இங்கிலாந்தில் குற்றம். அதற்காக 1952-ம் ஆண்டு தண்டிக்கப்பட்டார். சிறைக்குப் பதிலாக ஹார்மோன் மருந்து ஏற்க நேர்ந்தது. 1954-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி சயனைடு விஷத்தால் இறந்தார். வயது 41.

2013-ம் ஆண்டு இங்கிலாந்து ராணி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். 2021-ம் ஆண்டு 50 பவுண்டு நோட்டில் அவர் படம் வந்தது.

இயந்திரத்துக்கு ஞாபகம் தந்தவரை அவருடைய நாடு நினைத்துப் பார்க்க அத்தனை ஆண்டுகள் ஆயின!