ஓட்டுப் போடும் அதிகாரமே இல்லாத சபையில் அரசைக் கேள்வி கேட்டவர்: யார் இந்த அய்யன்காளி?

திருவனந்தபுரத்தில் வேலை பார்ப்பவர்கள், குறைந்தபட்சம் ஒரு வீக்எண்ட் அங்கே சுற்றியவர்கள், வெள்ளயம்பலம் சந்திப்பைக் கட்டாயம் கடந்திருப்பீர்கள். கவடியார் அரண்மனைக்குப் போகும் சாலை தொடங்கும் அந்த இடத்தில், தலைப்பாகையும் நீண்ட கோட்டும் அணிந்த ஒருவரின் சிலை இருக்கும். ராஜாவோ திவானோ என்று நினைத்துக் கடந்து போகிறவர்கள் உண்டு. அவர் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயத் தொழிலாளி. பெயர் அய்யன்காளி.

கேரளத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. வில்லுவண்டிப் பயணம், பள்ளிக்கூடப் போராட்டம் என்று பாடப்புத்தகம் வரை வந்துவிட்டவர். ஆனால் அவர் வாழ்க்கையில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி இருக்கிறது. இருபது வருஷத்துக்கும் மேலாக அவர் திருவிதாங்கூரின் பிரஜா சபை உறுப்பினர். அரசு போட்ட உத்தரவுகள் என்ன ஆயின என்று அரசிடமே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தவர். இன்று நாடாளுமன்றத்தில் கேள்வி நேரம், உறுதிமொழிக் குழு என்றெல்லாம் சொல்கிறோமே, அந்த வேலையை அந்தப் பெயர்கள் எதுவும் இல்லாத காலத்தில் செய்து பார்த்தவர்.

வண்டியில் தொடங்கிய கதை

1863 ஆகஸ்ட் 28. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, விழிஞ்ஞம் பக்கத்தில் உள்ள வெங்கானூரில் பிறந்தார். அப்பா அய்யன், அம்மா மாலா. புலையர் சமூகம். அப்போதைய திருவிதாங்கூரில் புலையர் பொதுச்சாலையில் நடக்க முடியாது, சந்தைக்குள் போக முடியாது, பெண்கள் மேலாடை அணிய முடியாது. நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட அடிமைகளாக இருந்தவர்கள் அவர்கள். 1855இல் சட்டப்படி அடிமைமுறை ஒழிந்தது. வயலில் எதுவும் மாறவில்லை.

1893இல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கினார். நம்ம ஊர் வில்வண்டியேதான். இரண்டு வெள்ளைக் காளைகளைப் பூட்டி, மணிகள் ஒலிக்க, தலைப்பாகை கட்டிக்கொண்டு பொதுச்சாலையில் ஓட்டினார். அடிதடி நடந்தது, அவர் பின்வாங்கவில்லை. அடுத்த சில வருஷங்கள் பாலராமபுரம் பக்கமெல்லாம் இதே உரிமைக்காக மோதல்கள்தான். இந்தப் பகுதி சினிமா மாதிரி இருப்பதால்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நமக்கு வேண்டிய கதை இதற்குப் பிறகு தொடங்குகிறது.

1904இல் வெங்கானூரில் தன் மக்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். கட்டிய வேகத்தில் அதைக் கொளுத்தினார்கள். திரும்பக் கட்டினார். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். அதே வருஷம், அரசுப் பள்ளிகளில் புலையர் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்று அரசு உத்தரவும் வந்தது.

அப்போ பிரச்சினை முடிந்துவிட்டது, இல்லையா? இல்லை.

உத்தரவு இருக்கிறது, ஆனால் இல்லை

அந்த உத்தரவைப் பள்ளிக்கூடங்கள் மதிக்கவில்லை. கீழ்மட்ட அதிகாரிகள் அதை வெளியே தெரியவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். யாருக்காகப் போடப்பட்டதோ அவர்களுக்கே அப்படி ஒரு உத்தரவு இருப்பது தாமதமாகத்தான் தெரிந்தது. தெரிந்த பிறகு பிள்ளைகளை அழைத்துப் போனால், வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

அய்யன்காளி எடுத்த முடிவு கேரள வரலாற்றில் புதுசு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடமில்லை என்றால் வயலில் இறங்கி வேலை செய்ய மாட்டோம் என்று விவசாயத் தொழிலாளர்களை நிறுத்தினார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் நீடித்த வேலைநிறுத்தம் அது. வயல்களில் புல் மண்டியது. கூலி இல்லாமல் பட்டினி கிடந்த குடும்பங்களுக்கு விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளில் வேலை கொடுத்துக் கைகொடுத்தார்கள். கடைசியில் அரசு தலையிட்டுச் சமரசம் செய்தது. கூலியும் கொஞ்சம் உயர்ந்தது.

1910இல் பள்ளிச் சேர்க்கை பற்றி அரசு மறுபடி உத்தரவு போட்டது. பஞ்சமி என்கிற சிறுமியை அழைத்துக்கொண்டு ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அவர் போன நிகழ்வு இந்தக் காலத்தையொட்டியது. பஞ்சமி உட்கார்ந்த அந்தப் பள்ளிக்கும் தீ வைத்தார்கள். அப்போது பாதி எரிந்துபோனதாகச் சொல்லப்படும் ஒரு பெஞ்சை அந்தப் பள்ளி பாதுகாத்து வைத்திருக்கிறது.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் சொல்லியாக வேண்டும். சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை என்ற பெயரைப் பத்திரிகைத் துறையில் இருப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். திருவிதாங்கூர் திவானின் ஊழல்களைத் தோலுரித்து எழுதியதற்காக 1910 செப்டம்பரில் அவரது பத்திரிகையின் அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. அவரை எல்லை தாண்டித் திருநெல்வேலிக்கு நாடு கடத்தினார்கள். அரசைத் தட்டிக்கேட்ட பத்திரிகையாளர் என்றால் கேரளத்தில் முதலில் நினைவுக்கு வருபவர் அவர்தான். அதே ராமகிருஷ்ண பிள்ளை, அதே 1910இல், புலையர் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை எதிர்த்துத் தலையங்கம் எழுதினார். குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதோடு அதை ஒப்பிட்டார்.

அரசு பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பவர்கள் எல்லோரும், எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று கேட்பதில்லை. அய்யன்காளி தானே அந்த அவைக்குள் போக வேண்டியிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அது என்ன சபை?

ஸ்ரீமூலம் பிரஜா சபை. 1904இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா உருவாக்கியது. அதற்கு முன்பே, 1888இல், திருவிதாங்கூரில் எட்டுப் பேர் கொண்ட சட்ட மன்றம் ஒன்று வந்துவிட்டது. இந்திய சமஸ்தானங்களிலேயே அதுதான் முதல். ஆனால் அதில் மக்கள் குரல் என்று எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் பிரஜா சபை. 100 உறுப்பினர்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பாளையத்தில் உள்ள விக்டோரியா ஜூபிலி டவுன் ஹாலில் கூடும். திவான் தலைமை தாங்குவார். அந்த வருஷத்து நிர்வாகம் எப்படி நடந்தது, வரவு செலவு என்ன என்று முதலில் அவர் வாசிப்பார். பிறகு உறுப்பினர்கள் தங்கள் குறைகளைச் சொல்லலாம், திவான் பதில் சொல்வார்.

அவ்வளவுதான். சட்டம் இயற்ற முடியாது. பட்ஜெட்டில் கை வைக்க முடியாது. எதன்மீதும் ஓட்டெடுப்பு கிடையாது. 1905இல் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வந்தது, ஆனால் வருஷத்துக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி கட்டுகிறவர் போன்ற வசதி படைத்தவர்களுக்கு மட்டும். நிலமே வைத்துக்கொள்ள முடியாத சமூகத்திலிருந்து ஒருவர் இந்த வழியில் உள்ளே வர வாய்ப்பே இல்லை.

வாசலைத் திறந்தவர் வேறொருவர். சுபாஷிணி பத்திரிகையின் ஆசிரியர் பி.கே. கோவிந்தப் பிள்ளை, 1911இல் பிரஜா சபையில் புலையர்களுக்காகப் பேசினார். அவர்களுக்கு நிலம் வேண்டும் என்றார். அவர்களுக்காக நான் பேசுவதைவிட அவர்களில் ஒருவரையே இங்கே உட்கார வைக்க வேண்டும் என்ற கோரிக்கையையும் வைத்தார். திவான் பி. ராஜகோபாலாச்சாரி, சென்னைப் பக்கத்துத் தமிழர், அதை ஏற்று அய்யன்காளியை நியமித்தார். ராமகிருஷ்ண பிள்ளையை முந்தைய வருஷம் நாடு கடத்திய அதே திவான்தான்! மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டே பெட்டியில் போட நினைத்தால் திருவிதாங்கூர் வரலாறு நம்மைக் குழப்பிவிடும்.

1912 பிப்ரவரி

அந்த ஹாலில் அய்யன்காளி முதன்முதலாக எழுந்து நின்றது 1912 பிப்ரவரியில். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் சாலையில் வண்டி ஓட்டியதற்கே அடிக்க வந்தார்கள். இப்போது ஜமீன்தார்கள், வக்கீல்கள், பெரும் நிலக்கிழார்கள் நடுவே அவருக்கு ஒரு நாற்காலி.

அவர் கேட்டது நிலம். அரசுத் தரிசு நிலத்தை, திருவிதாங்கூர் வருவாய்த் துறை வழக்கில் புதுவல் என்பார்கள், புலையர்களுக்குப் பதிந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். காட்டைத் திருத்திப் பண்படுத்துவது புலையர்கள், பதிவு என்று வரும்போது வேறொருவர் பெயர் ஏறிவிடும். இந்த விளையாட்டு தமிழ்நாட்டில் பஞ்சமி நிலங்களின் கதையைப் படித்தவர்களுக்குப் புதிதாகத் தெரியாது. சொந்தமாக ஒரு துண்டு நிலம் இல்லையென்றால், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய அன்றே குடியிருக்கும் குடிசையை விட்டு முதலாளி விரட்டிவிடுவார். நிலமும் பள்ளியும் அவருக்கு ஒரே கோரிக்கையாக இருந்ததன் காரணம் இதுதான்.

தொடர் முயற்சியின் பலனாக விளப்பில் பகுதியில் 500 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. அதை 500 குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கராகப் பிரித்துக் கொடுத்தார் என்று அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. மொத்தச் சமூகத்தின் தேவையோடு ஒப்பிட்டால் சின்னத் துண்டுதான். ஆனால் ஓட்டெடுப்பே இல்லாத சபையில் பேசிப் பெற்றது.

கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்வது

என்னைக் கேட்டால், அவரது சபை வாழ்க்கையில் முதல் வருஷத்தைவிட அடுத்தடுத்த வருஷங்கள்தான் முக்கியம். ஒருமுறை பேசிப் பாராட்டு வாங்கிக்கொண்டு போவது எளிது. அவர் வருஷா வருஷம் வந்தார். பள்ளிச் சேர்க்கை உத்தரவு போட்டீர்கள், ஆனால் எத்தனை பள்ளிகள் அதை மதிக்கின்றன? தரிசு கொடுக்கச் சொன்னீர்கள், கையில் வந்தது எவ்வளவு? ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குச் சலுகை எங்கே? படித்து வரும் பையன்களுக்கு அரசு வேலையில் இடம் எங்கே? சாராம்சத்தில் இவைதான் திரும்பத் திரும்ப வந்தன.

உத்தரவு வேறு, நடைமுறை வேறு என்பதை அவர் தன் பள்ளிக்கூட அனுபவத்திலேயே கற்றிருந்தார். சபையில் அவர் செய்தது இந்த இடைவெளியை அரசின் முகத்துக்கு நேராகச் சொல்வது. அங்கே சொன்னதில் இன்னொரு லாபமும் இருந்தது. பிரஜா சபை நடவடிக்கைகள் அச்சில் வெளிவந்தன. எழுத்தறியாத ஒருவரின் குற்றச்சாட்டும் அதற்கு அரசு தந்த பதிலும் அரசு அச்சடித்த பதிவிலேயே ஏறின. தாலுகா அலுவலகத்தில் கொடுக்கும் மனு தொலைந்து போகலாம், இது தொலையாது. இன்றைக்கும் ஆய்வாளர்கள் அவரது உரைகளை எடுப்பது அந்தப் பதிவுகளிலிருந்துதான்.

இதை இன்றைய அமைப்போடு பொருத்திப் பார்க்கலாம். மக்களவையில் ஓர் அமைச்சர் செய்கிறோம், பரிசீலிக்கிறோம் என்று சொன்னால் அது காற்றில் போய்விடக் கூடாது என்பதற்காக 1953இல் அரசு உறுதிமொழிகளுக்கான குழு அமைக்கப்பட்டது. சொன்னதை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது விதி. இல்லையென்றால் குழு கூப்பிட்டுக் கேட்கும். தமிழ்நாடு சட்டமன்றத்திலும் இப்படி ஒரு குழு உண்டு. அய்யன்காளிக்கு அப்படி எந்தக் குழுவும் இல்லை. அடுத்த வருஷக் கூட்டம் வரை காத்திருந்து, தானே வந்து கேட்க வேண்டியிருந்தது.

அவருக்கும் வரம்புகள் இருந்தன. நியமன உறுப்பினர், அதாவது திவான் நினைத்தால் நீக்கிவிடலாம். அதனால் அவரது உரைகளில் மகாராஜாவுக்கு நன்றியும் புகழும் நிறையவே இருக்கும். அரசரின் கருணையை நம்பினார், ஆட்சிமுறையையே கேள்வி கேட்கவில்லை என்று பின்னாளில் விமர்சனமும் வந்தது. அந்த விமர்சனத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே 1915இல், கொல்லம் பக்கம் பெரிநாட்டில் புலையர் பெண்கள் அடிமைச் சின்னமான கல்லுமாலையைக் கழற்றி எறிந்ததும் கலவரம் வெடித்தபோது, அவர் நன்றியுரை வாசித்துக்கொண்டு இருக்கவில்லை. கொல்லம் போய் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் எல்லாச் சாதியினரையும் கூட்டி, பெண்கள் எல்லோர் முன்னிலையிலும் அந்த மாலைகளைக் கழற்றிப் போட வைத்தார். சபைக்கு உள்ளே பணிவு, வெளியே அழுத்தம். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்தன.

அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சாது ஜன பரிபாலன சங்கத்தின் வெள்ளிக்கரை சோதி, சரதன் சாலமன் ஆகியோர் உறுப்பினர்கள் ஆனார்கள். 1921இல் பொய்கையில் அப்பச்சன் நியமிக்கப்பட்டார். சென்னை மாகாணத்திலும் இதே காலத்தில் இதே பாதை திறந்தது. ரெட்டமலை சீனிவாசன் சென்னை சட்ட மேலவைக்குப் போய், பொதுச்சாலையிலும் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். அந்த அவைக்கு ஓட்டெடுப்பு அதிகாரம் இருந்தது. அய்யன்காளி அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, அது இல்லாமலேயே தொடங்கியிருந்தார்.

பத்து பி.ஏ.

1936 நவம்பரில் திருவிதாங்கூர் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. அடுத்த ஜனவரியில் காந்தி வெங்கானூருக்கு வந்து அவரைச் சந்தித்தார். அப்போது எழுபதைக் கடந்துவிட்ட அய்யன்காளி தன் ஆசையாகச் சொன்னது ஒன்றே ஒன்று: கண்ணை மூடுவதற்குள் தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் திறந்து முப்பது வருஷத்துக்கு மேல், முதல் உத்தரவு வந்து முப்பது வருஷம். இன்னும் பத்துப் பேர்கூடத் தேறவில்லை என்பதுதான் அந்த ஆசைக்குள் இருந்த கணக்கு.

1941 ஜூன் 18இல் அவர் இறந்தார். வயது வந்த எல்லோருக்கும் வாக்குரிமை என்ற அடிப்படையில் திருவிதாங்கூர் முதன்முதலாகத் தேர்தல் நடத்தியது 1948இல். வெள்ளயம்பலம் சிலையை 1980இல் இந்திரா காந்தி திறந்து வைத்தார். அவர் முதன்முதலாகப் பேசிய பாளையம் டவுன் ஹால் இப்போதும் அப்படியே இருக்கிறது. விக்டோரியா மகாராணியின் பெயரில் இருந்த அந்தக் கட்டடத்துக்கு 2019இல் கேரள அரசு வைத்த பெயர், அய்யன்காளி ஹால்.