அச்சம் போக்கும் வழி கண்ட அம்மையார்



இருளைக் கண்டு அஞ்சும் குழந்தை உண்டு. நாயைக் கண்டால் அலறி ஓடும் குழந்தையும் உண்டு. அடம் பிடிக்கும் பிள்ளையைப் பூச்சாண்டியின் பெயரைச் சொல்லி அடக்குவதும் நம் வீடுகளில் வழக்கம். அச்சத்தை ஊட்டுவது எளிது, போக்குவது அரிது. அந்த அரிய செயலுக்குரிய வழியை முறையாக ஆராய்ந்து உலகிற்குக் காட்டியவர் மேரி கவர் ஜோன்ஸ் அம்மையார் ஆவார்.

இவர் அமெரிக்க நாட்டில், பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள ஜான்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்து வாசர் மகளிர் கல்லூரியில் பயின்றார். உளவியல் பாடத்தில் அவருக்குத் தீராத ஆர்வம் இருந்தது. ஆயினும் முன்னர் ஒரு வகுப்பில் குறைந்த மதிப்பெண் பெற்றிருந்த காரணத்தால், இறுதியாண்டு ஆய்வு வகுப்பு ஒன்றில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. தமக்கு இத்துறை ஏற்றதன்று என்று பலர் ஒதுங்கியிருப்பர். மேரி ஒதுங்கவில்லை.

1919-ஆம் ஆண்டில், ஒரு வார இறுதியில், நியூயார்க் நகரில் ஜான் வாட்சன் என்னும் உளவியல் அறிஞர் ஆற்றிய உரையை அவர் கேட்டார். வாட்சன் அப்பொழுது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர். மனத்துள் மறைந்திருப்பதை ஊகிப்பதைவிட, கண்ணால் காணும் நடத்தையை ஆராய்வதே அறிவியல் என்பது அவர் கொள்கை. பச்சிளங் குழந்தைகளைப் பற்றிய தம் ஆராய்ச்சியை அவர் விளக்கினார். அன்றே மேரியின் உள்ளத்தில் உறுதி பிறந்தது. அவ்வாண்டே பட்டம் பெற்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1920-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். உடன் பயின்ற ஹெரால்டு ஜோன்சை மணந்தார்.

அதே 1920-இல் வாட்சனும், மேரியின் கல்லூரித் தோழி ரோசலி ரெய்னரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆல்பர்ட் என்று குறிப்பிடப்பட்ட 11 மாதக் குழந்தை வெள்ளெலியைக் கண்டு முதலில் அஞ்சவில்லை. எலியை அது தொடும்பொழுது, பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் ஓங்கி அடித்தனர். சில முறை இவ்வாறு செய்த பின், எலியைக் கண்டாலே குழந்தை அழுதது; முயலைக் கண்டும் அஞ்சியது. அந்த அச்சத்தைப் போக்குவதற்கு முன்பே குழந்தை அவ்விடம் விட்டுச் சென்றுவிட்டது. இத்தகைய சோதனையை இன்றைய ஆராய்ச்சி நெறிகள் அனுமதியா. ஆனால் அதிலிருந்து ஒரு வினா எழுந்தது. அச்சத்தை உண்டாக்க முடியுமானால், அதை நீக்கவும் முடியாதா?

அவ்வினாவுக்கு விடை தேடும் பணியே மேரியின் கைக்கு வந்தது. 1920-இல் வாட்சன் பல்கலைக்கழகப் பதவியை இழந்து, நியூயார்க் விளம்பர நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ஆயினும் அறிவுப்பணியை அவர் கைவிடவில்லை. 1923-இல் மேரி கொலம்பியா ஆசிரியர் கல்லூரியைச் சார்ந்த ஆய்வுக் கழகத்தில் பணியேற்று, குழந்தைகள் காப்பகம் ஒன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். சனிக்கிழமைப் பிற்பகல்களில் வாட்சன் அங்கு வந்து, நடந்தவற்றைக் கேட்டறிந்து ஆலோசனை கூறுவார். அந்த ஊக்கமே இளம் ஆய்வாளருக்குத் துணையாயிற்று.

அக்காப்பகத்தில் பீட்டர் என்னும் சிறுவன் இருந்தான். ஆய்வு தொடங்கியபொழுது அவனுக்கு வயது 2 ஆண்டு 10 மாதம். வெள்ளெலி, முயல், மென்மயிர் மேலாடை, இறகு, பஞ்சு ஆகியவற்றைக் கண்டால் அவன் நடுங்குவான். முயலுக்கு அஞ்சாத மூன்று குழந்தைகளோடு அவனை நாள்தோறும் விளையாட விட்டார் மேரி. அவர்கள் முயலைத் தொட்டு மகிழ்வதைக் கண்டு பீட்டரின் அச்சம் சிறிது சிறிதாகக் குறைந்தது.

அவ்வேளையில் ஓர் இடையூறு நேர்ந்தது. பீட்டர் செம்புள்ளிக் காய்ச்சலால் ஏறத்தாழ இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தான். திரும்பும் நாளில், தாதியோடு வாடகைக் காரில் ஏறும்பொழுது, பெரிய நாய் ஒன்று அவர்கள்மேல் பாய்ந்தது. பழைய அச்சம் முழுவதும் மீண்டும் வந்து சேர்ந்தது. செய்த வேலையெல்லாம் வீணாயிற்றே என்று மேரி சோர்ந்துவிடவில்லை. புதிய வழியைக் கையாண்டார்.

பீட்டரை நாற்காலியில் அமர்த்தி, அவனுக்குப் பிடித்த உணவை அளித்தார். அவன் உண்ணும்பொழுது, கூண்டிலுள்ள முயலைத் தொலைவில் வைத்தார். அவன் உண்பது தடைப்படாத அளவுக்கே அதை அருகில் கொண்டுவந்தார். அவசரப்பட்டால், முயலின்மேல் உள்ள வெறுப்பு உணவின்மேல் படியும் என்பதை அவர் அறிந்திருந்தார். முதலில் அறையின் எந்த மூலையிலும் முயல் இருத்தலாகாது என்றிருந்த பீட்டர், 12 அடித் தொலைவிலும், 4 அடியிலும், 3 அடியிலும் அதைப் பொறுத்துக்கொள்ளலானான். இம்முன்னேற்றத்தை மேரி 17 படிகளாகக் குறித்து வைத்தார். முடிவில் பீட்டர் முயலை அன்போடு தடவினான். தன் விரல்களை அது கொறிக்கவும் விட்டான்! பஞ்சு, இறகு, மென்மயிர் மேலாடை ஆகியவற்றின்மேல் இருந்த அச்சமும் அகன்றது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது எத்துணை உண்மை!

1924-இல் இவ்வாய்வு வெளிவந்தது. அவ்வாண்டே, 3 மாதம் முதல் 7 வயது வரையிலான 70 குழந்தைகளை ஆராய்ந்த கட்டுரையையும் வெளியிட்டார். நாளடைவில் தானே மறையும் என்று விட்டுவிடுதல், அறிவுரை கூறுதல், கேலி செய்தல், கவனத்தைத் திருப்புதல் எனப் பல வழிகளைச் சோதித்தார். முயலைப் பற்றி நல்ல கதைகளைக் கேட்டு மகிழ்ந்த ஒரு சிறுமி, முயல் நேரில் வந்ததும் பழையபடியே அஞ்சினாள். கேலி செய்தபொழுதோ அச்சம் குறையவில்லை. உறுதியாகப் பலன் தந்தவை இரண்டே: விரும்பியதோடு இணைத்துச் சிறுகச் சிறுகப் பழக்குதல்; அஞ்சாத பிள்ளைகளோடு பழக விடுதல்.

இவ்வரிய ஆய்வு நெடுங்காலம் போதிய கவனம் பெறவில்லை. மேரியும் அதற்காகக் காத்திருக்கவில்லை. 1926-இல் முனைவர் பட்டம் பெற்று, 1927-இல் கணவரோடு கலிபோர்னியா சென்று, பெர்க்லி பல்கலைக்கழகத்தில் குழந்தை நல ஆய்வில் ஈடுபட்டார். 1932-இல் தொடங்கிய ஓக்லாந்து வளர்ச்சி ஆய்வில், ஏறத்தாழ 200 பள்ளிப் பிள்ளைகளை அவர்கள் நடுவயதை எட்டிய பின்னும் தொடர்ந்து கவனித்தார். 1959-இல் பேராசிரியரானார். இதற்கிடையே, தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப், படிப்படியாக அச்சம் நீக்கும் சிகிச்சையை வகுத்து 1958-இல் நூலாக வெளியிட்டார். அதன் வித்து பீட்டரின் கதையில் இருந்தது. நடத்தைச் சிகிச்சையின் தாய் என்று மேரியை வோல்ப் போற்றினார். 1987-இல் அம்மையார் மறைந்தார். இன்றும் அச்சத்தால் வருந்துவோருக்கு மருத்துவர்கள் அளிக்கும் சிகிச்சையில் அவர் காட்டிய வழி வாழ்கிறது.

பெற்றோர்களே! அஞ்சும் பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள். அருகில் இருங்கள், ஒவ்வோர் அடியாகக் கைப்பிடித்து அழைத்துச் செல்லுங்கள். மாணவச் செல்வங்களே! ஒரு வகுப்பில் மதிப்பெண் குறைந்தது என்று மனம் தளராதீர்கள். ஊக்கம் தரும் நல்லாசிரியரை நாடுங்கள். ஒரு கதவு மூடினும், உழைப்போருக்கு மற்றொரு கதவு திறக்கும் என்பதை மேரி அம்மையாரின் வாழ்வு நமக்கு உணர்த்துகின்றது.