நடந்தே நிலம் கேட்ட வினோபா

காந்தியடிகளைத் தெரியாத பிள்ளை நம் தோட்டப் பள்ளிகளில் இல்லை. ஆனால் அவருடைய சீடர் வினோபா பாவே யாரென்று கேட்டால் வகுப்பில் பாதிப்பேர் விழிக்கிறார்கள்.

வினோபா 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் மகாராஷ்டிரத்தில் ககோதே என்னும் சிற்றூரில் பிறந்தார். 1916-இல் பரீட்சை எழுதப் பம்பாய்க்கு ரயிலேறியவர், பாதி வழியில் வண்டி மாறிக் காசிக்குப் போய்விட்டார். (பிள்ளைகளே, இதை மட்டும் பின்பற்ற வேண்டாம்!) அதே ஆண்டு காந்தியடிகளின் ஆசிரமத்தில் சேர்ந்தார். 1940-இல் தனிநபர் சத்தியாகிரகத்துக்குக் காந்தியடிகள் முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரைத்தான். நேருகூட இரண்டாவது ஆள்தான்.

அவர் பெயர் உலகமெங்கும் பரவியது 1951-இல். அப்போது தெலுங்கானா ரத்தக்களமாக இருந்தது. நிலமெல்லாம் ஒருசில பெரிய பண்ணையார்கள் கையில். உழுதவனுக்குக் கூழுக்கும் வழியில்லை. 1946-இலேயே கம்யூனிஸ்டுகள் தலைமையில் குடியானவர்கள் ஆயுதம் எடுத்துவிட்டார்கள். ராத்திரியில் ஒரு பயம், பகலில் போலீஸ் பயம். நடுவில் மாட்டிக்கொண்டவன் ஏழை. 1948 முதல் 1960 வரை நம் பேராக் தோட்டங்கள் அவசரகாலத்தில் பட்ட பாட்டைத் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வார்தா பக்கத்துப் பவுனார் ஆசிரமத்திலிருந்து ஐதராபாத்துக்கு வினோபா நடந்தே வந்தார். ஏறக்குறைய 300 மைல்! தாப்பாவில் புறப்பட்டு ஜொகூர் பாரு போய்ச் சேரும் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறையிலிருந்த கம்யூனிஸ்டுகளைப் போய்ப் பார்த்துப் பேசினார். பிறகு போலீஸ் துணை இல்லாமல் கிராமங்களுக்குள் நடந்தார்.

ஏப்ரல் 18-ஆம் நாள் போச்சம்பள்ளிக்கு வந்தார். அரிசனக் குடும்பங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, பிழைக்க 80 ஏக்கர் நிலம் வேண்டுமென்று கேட்டார்கள். கையில் காசில்லாத, பதவியில்லாத சாமியார் மாதிரி மனிதர் எங்கே போவார்? அரசாங்கத்துக்கு எழுதிப் போடலாம். அது வந்து சேர எத்தனை வருஷமோ! எதற்கும் கேட்டுப் பார்ப்போமென்று கூட்டத்தையே கேட்டார். ராமச்சந்திர ரெட்டி என்ற நிலக்காரர் எழுந்து 100 ஏக்கர் தருவதாகச் சொன்னார். கேட்டதற்கு மேலேயே கிடைத்தது. பூதான இயக்கம் பிறந்தது அன்றுதான். தெலுங்கானாவில் 51 நாள் நடந்து முடிப்பதற்குள் 12,000 ஏக்கருக்கு மேல் சேர்ந்தது. அதன்பின் பதின்மூன்று ஆண்டுக் காலம் இந்தியா முழுவதும் நடந்தார். தமிழ்நாட்டுக்கும் வந்தார்.

உள்ளதையும் சொல்ல வேண்டும். வாக்களித்த நிலம் 40 லட்சம் ஏக்கருக்கு மேல் என்றாலும், பாறையும் பொட்டலும் அதில் நிறைய. வழக்கில் கிடந்த நிலமும் உண்டு. கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கொடுக்காதவர்களும் உண்டு. தானம் கேட்பதால் மட்டும் நிலப் பிரச்சினை தீராது என்பதே என் எண்ணம். நம் நாட்டில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பால்மரம் வெட்டிய நம்மவர்களிடம் மாதம் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினாரே, அது வேறு வழி. அதில் யாருடைய மனம் இளகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனாலும் வினோபாவின் வேலை நிலத்தோடு நிற்கவில்லை. 1957-இல் கேரளத்தில் சாந்தி சேனையைத் தொடங்கினார். கலவரம் நடக்கும் இடத்துக்கு ஆயுதமில்லாமல் போய் நிற்கும் சாதாரண ஜனங்களின் படை அது. முதலில் சேர்ந்தவர்கள் எட்டே பேர்! 1960-இல் வடக்கே சம்பல் பள்ளத்தாக்குக்கே நடந்து போனார். பெயரைக் கேட்டாலே ஊர் நடுங்கிய கொள்ளைக்காரர்கள் இருபது பேர் துப்பாக்கிகளை அவர் காலடியில் வைத்துச் சரணடைந்தார்கள்.

1982-ஆம் ஆண்டு நவம்பரில் நோயுற்றபோது உணவும் மருந்தும் வேண்டாமென்று ஒதுக்கினார். 15-ஆம் நாள் பவுனாரிலேயே காலமானார். அடுத்த ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பாரத ரத்னா விருது அளித்தது.