வாள் பிடித்த வாரிசு - வீரமங்கை வேலு நாச்சியார்



இந்த மாத சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு எழுத வேண்டும் என்றார்கள். நான் தேர்ந்தெடுத்தது சிவகங்கைச் சீமையின் ராணி வேலு நாச்சியார். சமூக அறிவியல் பாடத்தில் இவரைப் பற்றிக் கொஞ்சம் படித்திருப்போம். ஆங்கிலேயரை எதிர்த்தார், ஹைதர் அலி உதவினார், நாட்டை மீட்டார், அவ்வளவுதான். ஆனால் அவர் கதையில் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது வேற ஒரு விஷயம். ஒரு ராஜாவுக்கு மகளாகப் பிறந்த பெண்ணுக்கு உண்மையிலேயே என்ன சொத்து வந்து சேர்ந்தது? அதைத்தான் எழுதப் போகிறேன்.

பிறப்பும் வளர்ப்பும்

வேலு நாச்சியார் 1730-ஆம் ஆண்டு இராமநாதபுரத்தில் பிறந்தார். தந்தை செல்லமுத்து சேதுபதி. தாயார் முத்தாத்தாள் நாச்சியார். அவர்களுக்கு ஒரே பிள்ளை இவர்தான். ஆண் பிள்ளை இல்லையே என்று பெற்றோர் மூலையில் உட்கார்ந்து விடவில்லை. ஒரு இளவரசனுக்கு என்னென்ன சொல்லித் தருவார்களோ அத்தனையும் மகளுக்குச் சொல்லித் தந்தார்கள். வாள் வீச்சு, சிலம்பம், வில் வித்தை, குதிரை ஏற்றம், வளரி வீசுதல் எல்லாம் கற்றார். வளரி என்பது பிறை நிலா மாதிரி வளைந்த ஆயுதம். தென் பாண்டிச் சீமையில் வேட்டைக்கும் போருக்கும் அதைப் பயன்படுத்தினார்கள்.

அது மட்டுமா? தமிழோடு உருது, ஆங்கிலம், பிரெஞ்சு என்று பல மொழிகளும் கற்றார். நம்மில் பல பேருக்கு இங்கிலீஷ் பாடமே பெரிய மலையாகத் தெரிகிறது. 300 வருஷத்துக்கு முன்னால ஒரு பெண் இத்தனை மொழி படித்திருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய விஷயம்!

1746-இல் இவருக்குத் திருமணம் நடந்தது. அப்போது வயது 16. கணவர் முத்து வடுகநாதர், சிவகங்கைச் சீமையின் இளவரசர். 1750-இல் அவர் மன்னர் ஆனார். வேலு நாச்சியார் ராணி ஆனார். இவர்களுக்குப் பிறந்த பெண் குழந்தைதான் வெள்ளச்சி நாச்சியார்.

அப்பாவின் சிம்மாசனம் யாருக்கு?

செல்லமுத்து சேதுபதி 1762-இல் காலமானார். ஒரே மகள் இருக்கிறார், 32 வயது, போர்ப் பயிற்சி பெற்றவர், பல மொழி தெரிந்தவர். சிம்மாசனம் இவருக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. மன்னருடைய சகோதரியின் மகன், ஒரு கைக்குழந்தை, சேதுபதி ஆக்கப்பட்டது. குழந்தை எப்படி நாடு ஆளும்? அதனால் அந்தக் குழந்தையின் தாயார் முத்து திருவாயி நாச்சியார்தான் ஆட்சியைக் கவனித்துக் கொண்டார்.

இங்கே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பட்டம் தொட்டிலில் இருக்கிற ஆண் குழந்தைக்கு. வேலை எல்லாம் செய்தது ஒரு பெண். அப்படியானால் பெண்ணுக்கு ஆளத் தெரியாது என்று அவர்கள் நினைக்கவில்லை. பட்டம் மட்டும் கூடாது என்றுதான் நினைத்திருக்கிறார்கள்.

நம்ம நாட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஸ்பெயின் தேசத்தில் ஹுவானா என்று ஒரு இளவரசி இருந்தார். 1504-இல் தாய் இறந்ததும் காஸ்டீல் ராஜ்யத்துக்கு அவர்தான் சட்டப்படி ராணி. ஆனால் அவருக்குப் பைத்தியம் என்று சொல்லி 1509-இல் ஒரு மாளிகையில் அடைத்து வைத்தார்கள். முதலில் அப்பா ஆண்டார், அப்புறம் மகன் ஆண்டார். அவர் 1555-இல் இறக்கும் வரைக்கும், 46 வருஷம், வெளியே விடவே இல்லை. பெயரில் ராணி, வாழ்க்கையில் கைதி!

காளையார்கோவில் போர்

ஆற்காடு நவாப் முகமது அலி பாளையங்களிடம் கப்பம் கேட்டார். அவருக்குப் பின்னால் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இருந்தது. 1772-இல் முதலில் இராமநாதபுரம் விழுந்தது. அந்தச் சின்னப் பையன் சேதுபதியையும் அவர் தாயாரையும் திருச்சிக் கோட்டையில் சிறை வைத்தார்கள். அடுத்தது சிவகங்கை. ஜோசப் ஸ்மித் ஒரு பக்கமும் பான்ஜோர் இன்னொரு பக்கமும் படையோடு வந்தார்கள். 1772 ஜூன் 25-ஆம் தேதி காளையார்கோவிலில் மன்னர் முத்து வடுகநாதர் கொல்லப்பட்டார்.

அந்த நேரம் வேலு நாச்சியார் கொல்லங்குடியில் இருந்தார். ஒரே நாளில் கணவர் போனார், அரண்மனை போனது, நாடு போனது. சிவகங்கைக்கு உசேன் நகர் என்று பெயரையே மாற்றி விட்டார்கள். கையில் மிச்சம் இருந்தது மகள் வெள்ளச்சி. கூட நின்றவர்கள் அமைச்சர் தாண்டவராய பிள்ளையும், பெரிய மருது, சின்ன மருது சகோதரர்களும்.

கொல்லங்குடிப் பக்கத்தில் இன்றைக்கும் ஒரு கதை சொல்வார்கள். ராணி போன வழியைக் காட்டச் சொல்லி உடையாள் என்ற பெண்ணை எதிரிகள் மிரட்டினார்களாம். அவள் வாயைத் திறக்கவே இல்லையாம். அதனால் வெட்டிக் கொன்றார்களாம். அங்கே இருக்கிற வெட்டுடையார் காளியம்மன் கோயிலை அவளோடு சேர்த்துத்தான் மக்கள் பேசுகிறார்கள்.

எட்டு வருஷம்

ராணி போய்ச் சேர்ந்த இடம் திண்டுக்கல் பக்கத்தில் விருப்பாட்சி. 100 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். நம்ம கள்ளக்குறிச்சியில் இருந்து விழுப்புரம் போகிற தூரத்தை விட அதிகம். பஸ், ரோடு எதுவும் இல்லாத காலம். விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் கொடுத்தார். அது பழனி மலைத் தொடரின் அடிவாரம். கல்வராயன் மலையைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியும், மலையும் காடும் பழக்கப்பட்டவனுக்கு வீடு, பழக்கம் இல்லாத படைக்காரனுக்குச் சிக்கல்.

1772 டிசம்பரிலேயே தாண்டவராய பிள்ளை மைசூர் ஹைதர் அலிக்குக் கடிதம் எழுதி 5000 குதிரைப் படையும் 5000 காலாட்படையும் கேட்டார். உதவி உடனே வந்து விடவில்லை. இதற்கிடையில் வயதான தாண்டவராய பிள்ளையும் இறந்து போனார். ராணி ஹைதர் அலியை நேரில் சந்தித்தார். உருது மொழியிலேயே பேசித் தன் நிலைமையை விளக்கினார் என்று சொல்வார்கள். சின்ன வயதில் கற்ற மொழி எந்த நேரத்தில் கை கொடுத்தது பாருங்கள்!

பெண்கள் படை ஒன்றையும் திரட்டினார். அதற்கு உடையாளின் பெயரை வைத்தார் என்று சொல்வார்கள். 1780-இல் ஹைதர் அலிக்கும் கம்பெனிக்கும் பெரிய போர் மூண்டது. நவாப்பும் கம்பெனியும் அந்தப் பக்கம் திணறிக் கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஹைதர் அலி கொடுத்த படையோடும் மருது சகோதரர்களோடும் ராணி சிவகங்கை நோக்கிக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 50.

விஜயதசமி நாளில் கோயிலுக்கு வரும் பெண்களோடு பெண்ணாகக் கோட்டைக்குள் நுழைந்த குயிலி, உடம்பில் நெய்யை ஊற்றித் தீ வைத்துக் கொண்டு வெடிமருந்துக் கிடங்கில் குதித்தாள் என்பது வாய்வழியாக வந்த வரலாறு. சிவகங்கை மீட்கப்பட்டது! ஜான்சி ராணி லட்சுமிபாய் போரிட்ட 1857-க்கு 77 வருஷத்துக்கு முன்னாலேயே நம்ம தமிழ் மண்ணில் ஒரு ராணி கம்பெனியை எதிர்த்து நாட்டைத் திரும்ப வாங்கி விட்டார்.

அதற்குப் பிறகு

சுமார் 10 ஆண்டுகள் வேலு நாச்சியார் ஆட்சி செய்தார். பெரிய மருது தளபதியாகவும் சின்ன மருது அமைச்சராகவும் இருந்தார்கள். மகள் வெள்ளச்சியை வேங்கன் பெரிய உடையாத் தேவருக்குத் திருமணம் செய்து வைத்தார்கள். பின்னாளில் சிவகங்கை மன்னர் ஆனவர் அந்த மருமகன்தான்.   

1796 டிசம்பர் 25-ஆம் தேதி வேலு நாச்சியார் மறைந்தார். 2008-இல் இந்திய அரசு அவர் உருவம் போட்ட தபால் தலையை வெளியிட்டது.

எனக்குத் தோன்றியது

அப்பாவின் சிம்மாசனம் வேலு நாச்சியாருக்கு வரவில்லை. கணவரின் சிம்மாசனத்தை எதிரி பறித்தான். ஆனால் அவர் கற்றதை யாராலும் பறிக்க முடியவில்லை. குதிரை ஏறத் தெரிந்ததால் தப்பினார், மொழி தெரிந்ததால் துணை தேடினார், போர் தெரிந்ததால் ஜெயித்தார். செல்லமுத்து சேதுபதி மகளுக்குக் கொடுத்த உண்மையான சொத்து அந்தப் படிப்புதான்.

இன்றைக்குச் சட்டம் மாறியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1989-லும் இந்தியா முழுக்க 2005-லும் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு என்று சட்டம் வந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் பழங்குடி மக்களுக்குத் தானாகப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மத்திய அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். அப்படியானால் நம்ம கல்வராயன் மலையில் இருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கு என்ன வழி? பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

காணி நிலம் கிடைக்கிறதோ இல்லையோ, படிப்பை மட்டுமாவது பாதியில் நிறுத்தாமல் இருக்கலாமே! பத்தாவதோடு போதும், பள்ளிக்கூடம் தூரம், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வந்திருக்கிறது என்று சொல்லி நிறுத்தினால், நம்மிடம் இருக்கிற ஒரே சொத்தையும் பிடுங்கிக் கொள்வது மாதிரிதான். அம்மா அப்பா, அண்ணன் தம்பி எல்லோரும் இதைப் புரிந்து கொள்ள வேண்டும். தோழிகளே, நாமும் லீவு போடாமல் வந்து நன்றாகப் படிப்போம். நாளைக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அது கை கொடுக்கும்.



- 9-ஆம் வகுப்பு மாணவி