கண்ணம்பாடியைக் கட்டியவர்

விசுவேசுவரய்யா என்ற பெயரைக் கேட்டதும் தஞ்சைத் தரணித் தோழர்கள் சிலர் முகம் சுளிப்பர். காவிரியை மேலே மறித்தவராயிற்றே, அவருக்கு நம் ஏட்டில் இடமா என்று கேட்பர். கேட்கட்டும். நமக்குத் தண்ணீர் தர மறுத்த அணையைக் கட்டியவரின் கதையை நாம் தெரிந்து கொள்ளாமல் வேறு யார் தெரிந்து கொள்வது? எதிரியின் கோட்டையை அளந்து பார்க்காமல் வாதாடப் போகிறவன் வழக்கில் தோற்பான். அதோடு, அந்த மனிதர் எதிரியாக மட்டும் இருந்தவரும் அல்லர். பெருகி வரும் தேவைக்கு நடுவே இருக்கிற நீரை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு, இந்த நாட்டில் கணக்குப் போட்டு விடை தேடிய முதல் வரிசைக்காரர்களில் அவர் ஒருவர்.

மைசூர்ச் சீமையில் முத்தேனஹள்ளி என்ற சிற்றூரில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தை மறைந்தார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தபோது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்து, அந்தக் கூலியில் சாப்பிட்டுப் படித்தார். 1881இல் பி.ஏ. தேறினார். அந்நாளில் அந்தப் பட்டம் சென்னைப் பல்கலைக் கழகப் பட்டம். பிறகு மைசூர் அரசு கொடுத்த உதவித் தொகையில் பூனா சென்று பொறியியல் கற்றார். 1884இல் பம்பாய் மாகாண மராமத்து இலாகாவில் உதவிப் பொறியாளராகச் சேர்ந்தார். அங்கே மேலதிகாரிகள் அனைவரும் வெள்ளையர். அவர்களுக்கு நடுவே ஒரு கறுப்பு மனிதன் மேலே வர வேண்டுமானால் வேலையில் குற்றம் காண முடியாதவனாக இருக்க வேண்டும். அப்படித்தான் இருந்தார் அவர்.

பூனாவுக்கு அருகே கடக்வாசலாவில் ஓர் ஏரி. நகருக்குக் குடிநீரும் கால்வாய்க்குப் பாசன நீரும் அங்கிருந்துதான். பட்டாளமும் ஊரும் பெருகப் பெருக நீர் போதவில்லை. அணையை உயர்த்தலாமா என்றால் அதற்குப் பணம் பிடிக்கும், பழைய சுவர் கூடுதல் பாரத்தைத் தாங்குமா என்ற அச்சமும் உண்டு. மழைக் காலத்திலோ கலிங்கின் மேல் ஆளுயரத்துக்குத் தண்ணீர் வழிந்து வீணாகப் போகும். விசுவேசுவரய்யா கலிங்கைப் பார்த்தார். அணையைத் தொட வேண்டாம், கலிங்கின் மேல் கதவுகளை வைப்போம் என்றார். நீர் குறித்த மட்டத்துக்கு மேல் ஏறினால் அந்த நீரின் விசையாலேயே கதவு தானாகத் திறக்கும். மட்டம் இறங்கினால் தானாக மூடிக் கொள்ளும். ஆள் வேண்டாம், இயந்திரம் வேண்டாம். 1903இல் கதவுகள் பொருத்தப்பட்டன. அதே அணையில் சுமார் 8 அடி நீர் கூடுதலாக நின்றது. காப்புரிமை அவர் பெயரில் இருந்தும், சம்பளத்துக்குச் செய்த வேலைக்கு உரிமைப் பணம் எதற்கு என்று விட்டுவிட்டார். இன்றைய ஒப்பந்தக்காரர்கள் இந்த வரியை இரண்டு முறை படித்தால் நல்லது.

ஆனால் அவருடைய கதவைக் காட்டிலும் பெரிதென்று நான் கருதுவது அவர் வகுத்த பாசன முறையைத்தான். அதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. தக்காணத்தில் வெள்ளையர் வெட்டிய கால்வாய்களில் என்ன நடந்தது? தலைமடைக்காரன் கரும்பு போட்டான். ஆண்டு முழுவதும் நீரைக் கட்டினான். வேண்டிய அளவைப் போல் இரு மடங்கு கட்டினான். அவன் வயலில் நீர் ஊறி நிலம் உவர் பூத்தது, அவன் ஊரில் கொசு பெருகிக் காய்ச்சல் வந்தது. கடைமடைக்காரனோ வாய்க்காலில் மணலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரே கால்வாய், மேலே நீர் மிகுந்து நிலம் கெட்டது, கீழே நீரின்றிப் பயிர் கெட்டது! மழையில்லாத ஆண்டில் கடைமடைக்காரன் பஞ்சக் கூலிக்குக் கல்லுடைக்கப் போனான். 1899ஐ ஒட்டி வந்த பெரும் பஞ்சத்தில் தக்காணம் பட்ட பாடு அதுதான்.

நீர் போதாது, இன்னொரு அணை கட்டுவோம் என்பதுதான் எந்த இலாகாவும் சொல்லும் பதில். விசுவேசுவரய்யா முதலில் பங்கீட்டைத் திருத்தச் சொன்னார். கால்வாய் வழியெங்கும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு வட்டாரம் குறிக்க வேண்டும். அந்த வட்டாரத்துக்குச் சர்க்கார் உறுதியாக நீர் தர வேண்டும். ஆனால் அதற்குள் மூன்றில் ஒரு பங்கில்தான் கரும்பு. மீதியில் நெல்லும் புன்செய்ப் பயிர்களும். அடுத்த ஆண்டு இடம் மாறும். நிலத்துக்கு ஓய்வு, நீருக்குச் சிக்கனம், ஊர் தோறும் கொஞ்சம் கரும்புப் பணம், கொஞ்சம் சோறு. நம் ஊர் முறைப்பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதன் சாரம் புதிதல்ல. முறை வைத்து மடை திறப்பதை நம் பாட்டன்மார் அறிவர். என்ன பயிர் எவ்வளவு என்பதையும் சேர்த்து வரையறுத்ததுதான் அவர் செய்த புதுமை.

எதிர்ப்பு வராமல் இருக்குமா? வந்தது. தலைமடைப் பெரும் பண்ணைகள், உரிமை பறி போகிறது என்று கூக்குரலிட்டன. அவர் ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டு விளக்கினார். நீரின் மேல் உரிமை முதலில் கை வைத்தவனுக்கா, எல்லோருக்குமா என்ற வழக்கு அது. பின்னாளில் இதே வழக்கில் அவர் எந்தப் பக்கம் நின்றார் என்பதைத்தான் இனிப் பார்க்கப் போகிறோம்.

இடையே ஏடன் துறைமுகத்துக்குக் குடிநீர்த் திட்டம் தீட்டிக் கொடுத்தார். 1908 செப்டம்பரில் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டு போன பிறகு, நிசாம் அரசு அவரை அழைத்தது. ஊருக்கு மேலே அணைகள் கட்டி வெள்ளத்தைப் பிடித்து வைக்கச் சொன்னார். அப்படி எழுந்தவைதான் உஸ்மான் சாகரும் இமாயத் சாகரும். ஊரை அழித்த தண்ணீர் ஊருக்குக் குடிதண்ணீர் ஆயிற்று.

1909இல் மைசூர் அவரைத் தலைமைப் பொறியாளராக அழைத்துக் கொண்டது. இங்கேதான் காவிரியும், கோலார் தங்கமும், மின்சாரமும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கொள்கின்றன.

கோலார் தங்கவயல் நமக்கு அயலூர் அல்ல. வட ஆர்க்காட்டிலிருந்து மூட்டை கட்டிக் கொண்டு போன நம் உழைப்பாளிகள் தலைமுறை தலைமுறையாகக் குழிக்குள் இறங்கிய இடம் அது. சுரங்கம் ஆழப் போகப் போக ஆளை இறக்கவும் பாறையை ஏற்றவும் நீரை இறைக்கவும் ஆற்றல் வேண்டும். நிலக்கரியோ தொலைவிலிருந்து வர வேண்டும். ஆகவே சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில் திட்டமிட்டு, காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் மின் நிலையம் அமைத்து, 1902இல் 92 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொடுத்தனர். மூன்றாண்டு கழித்துப் பெங்களூர்த் தெருக்களிலும் அந்த விளக்கு எரிந்தது. ஆனால் கோடையில் காவிரி மெலியும். ஆறு மெலிந்தால் மின்சாரம் மெலியும். வெள்ளைக் கம்பெனிகளோ கூடுதல் மின்சாரம் கேட்டன. ஆண்டு முழுவதும் ஒரே சீராக நீர் விட மேலே ஒரு தேக்கம் வேண்டும். கண்ணம்பாடி அணைக்கு முதல் உந்துதல் அதுதான்.

தோழர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் எடுப்பதால் நீர் குறைவதில்லை. சக்கரத்தைச் சுழற்றிவிட்டு நீர் மறுபடி ஆற்றுக்கே வந்து சேரும், அது மேட்டூர் வழியே தஞ்சைக்கும் வரும். பாசனத்துக்குத் திருப்பிய நீரில் பெரும்பகுதி திரும்பாது. பயிர் குடித்தது போக எஞ்சிய கசிவுதான் ஆற்றுக்கு வரும். மின்சாரத்துக்காக மட்டும் ஓர் அணை என்றால் நமக்கு அதில் பெரிய நட்டமில்லை, நீர் விடும் காலம்தான் மாறும். பாசனமும் சேர்ந்தால் வழக்கு வேறு. விசுவேசுவரய்யா வரைந்த அணையோ இரண்டுக்கும் சேர்த்து வரைந்தது.

1892ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி, மேலே புதிய பாசனத் தேக்கம் கட்டச் சென்னையின் சம்மதம் வேண்டும். மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அணை. மேட்டூரில் தானும் அணை கட்ட நினைத்திருந்த சென்னை மறுத்தது. இந்திய சர்க்கார் நடுவே புகுந்து, 11 டி.எம்.சி. வரை கட்டிக் கொள்ளலாம் என்றது. 1911இல் வேலை தொடங்கியது. விசுவேசுவரய்யா என்ன செய்தார் தெரியுமா? அனுமதித்தது சிறிய அணைக்கு, போட்ட அடித்தளமோ பெரிய அணைக்கு! பின்னால் உயர்த்த அனுமதி கிடைக்காமல் போனால் அவ்வளவு கல்லும் காரையும் வீண். கிடைக்கும் என்று நம்பிப் போட்டார். மைசூர்க்காரர்கள் இதைத் தீரம் என்பர். சென்னை அதிகாரிகள் ஒப்பந்த மீறல் என்றனர். இரண்டும் உண்மைதான் என்று எனக்குப் படுகிறது.

வழக்கு 1913இல் கிரிஃபின் என்ற நீதிபதியிடம் போயிற்று. தீர்ப்பு மைசூருக்குச் சாதகம். சென்னை விடவில்லை, இலண்டன் வரை போய் அதைத் தள்ள வைத்தது. பத்தாண்டு இழுபறிக்குப் பின் 1924இல் ஒப்பந்தம். மைசூர் கண்ணம்பாடியை முழு உயரத்துக்குக் கட்டிப் புதிதாக 1,25,000 ஏக்கர் பாயலாம். சென்னை மேட்டூரைக் கட்டி 3,01,000 ஏக்கர் புதிதாகப் பாயலாம். 50 ஆண்டு கழித்து மறுபடி பார்க்கலாம். மேட்டூர் அணை 1934இல் நிறைவுற்றது அந்த ஏட்டின் பலத்தில்தான்.

கண்ணம்பாடி என்ற ஊர் இன்று நீருக்கடியில். அணைக்கு அரசர் பெயரைச் சூட்டிக் கிருஷ்ணராஜ சாகர் என்றனர். சிமெண்டு விலை கூடுதல் என்று சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையிலேயே எழுப்பினர். ஆயிரமாயிரம் பேர் கல் சுமந்தனர், மலேரியாவில் விழுந்தனர். அவர்கள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. விசுவேசுவரய்யாவின் பெயர் ஒரு கால்வாய்க்கு இருக்கிறது. அணையில் அவருடைய தானியங்கிக் கதவுகளும் இருக்கின்றன.

1912இல் அவர் திவான் ஆனார். பல்கலைக் கழகம், வங்கி, சோப்புத் தொழிற்சாலை, பத்ராவதி இரும்பாலைக்கு அடிகோலியது என ஆறே ஆண்டுகளில் செய்தவை நீளமான பட்டியல். அந்தப் பதவியை 1918இல் விட்டார். எதற்காக? உத்தியோகங்களில் பிற்பட்ட வகுப்பாருக்கு இடம் ஒதுக்குவது பற்றி ஆராய அரசர் மில்லர் குழுவை நியமித்தார். திறமை கெடும் என்றார் திவான், உடன்படாமல் விலகினார். கால்வாயில் தலைமடைக்காரன் எல்லாவற்றையும் எடுத்துக் கொள்வது அநீதி என்று கண்ட கண், உத்தியோகக் கால்வாயில் அதைக் காணவில்லை. நீருக்கு மூன்றில் ஒரு பங்கு என்று வரையறுத்த கை, படிப்புக்கும் பதவிக்கும் அப்படி வரையறுக்க மறுத்தது. அவரைப் போற்றும் போது இதை மறைப்பது நேர்மையாகாது.

பிறகும் அவர் ஓயவில்லை. 1934இல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் வேண்டும் என்று புத்தகம் எழுதினார். நாடு விடுதலை பெற்று ஐந்தாண்டுத் திட்டம் போடுவதற்கு எவ்வளவோ முன்னால்! 1955இல் பாரத ரத்னா தந்தனர். 1962 ஏப்ரல் 14இல், நூறாண்டை ஒட்டிய வயதில் மறைந்தார்.

அவருடைய கணக்கு பின்னால் என்ன ஆயிற்று? மண்டியா சீமையில் அவர் பெயர்க் கால்வாயில் முதலில் வகுத்தது கரும்பு, நெல், புன்செய் என்று சுழலும் வட்டார முறைதான். சர்க்கரை ஆலை வந்தது. கேழ்வரகு விளைந்த இடமெல்லாம் நாளடைவில் கரும்பும் நெல்லும் ஆயின. தலைமடை நோய் திரும்பியது, அவர் பெயர் தாங்கிய கால்வாயிலேயே! கோலார்ச் சுரங்கங்கள் 2001இல் மூடப்பட்டன, பத்தாயிரம் அடி ஆழத்துக்குப் போன பிறகு. தங்கத்தின் தாகம் நின்றது, ஆனால் அந்தக் கம்பியில் முதல் விளக்கேற்றிய பெங்களூர் பெரு நகராகி, குடிக்கவும் காவிரியையே இறைத்துக் கொண்டு போகிறது.

1974இல் ஐம்பதாண்டு முடிந்தது. 1990இல் நடுவர் மன்றம். 2007இல் இறுதித் தீர்ப்பு: பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 192 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு என்றது. நமக்கு நிலத்தடி நீர் இருக்கிறதென்று அதற்கொரு காரணமும் சொன்னது. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் போட்டு மின்சாரத்தால் அந்த நீரை மேலே இழுக்க வேண்டியவன் கடைமடைக்காரன்.

ஆண்டு தோறும் சூன் 12 நெருங்கும்போது டெல்டா விவசாயி நாளிதழின் மூலையில் ஒரு சிறு பெட்டியைத் தேடுவான். மேட்டூர் 120 அடியில் எவ்வளவு என்று முதலில் பார்ப்பான். கண்ணம்பாடி 124 அடியில் எவ்வளவு என்று அடுத்துப் பார்ப்பான். நாற்றங்காலில் விதை விடுவதா வேண்டாமா என்பதை அதன் பிறகுதான் பெண்டாட்டியிடம் சொல்லுவான்.