வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப்

வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் (நவம்பர் 19, 1813 – ஆகஸ்ட் 16, 1862) இங்கிலாந்தில் பிறந்த வானியலாளரும் பொறியாளரும் ஆவார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மதராஸ் வான் ஆய்வகத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். சூரியனல்லாத வேறொரு விண்மீனைக் கோள் சுற்றிவரக்கூடும் என்று அளவீடுகளின் அடிப்படையில் 1855 ஆம் ஆண்டில் அறிவித்தவர் இவர். அக்கோள் உண்மையில் இல்லை என்பது பின்னர் தெளிவாயிற்று.

இளமையும் பணியும்

சாமர்செட் பகுதியில் ஊலாவிங்டன் என்னும் ஊரில், பங்குக் குருவின் மகனாகப் பிறந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம் படைக் கல்லூரியில் பயின்று, 1831 இல் பம்பாய் வந்தார். ஜார்ஜ் எவரெஸ்டின் கீழ், இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பெரும் நில அளவைப் பணியில் சில ஆண்டுகள் ஈடுபட்டார். 1842 இல் பூனாவில் சொந்தமாக ஆய்வகம் அமைத்தார். அங்கு அளந்த 244 இரட்டை விண்மீன்களின் பட்டியல் 1848 இல் இலண்டன் அரச வானியல் கழகத்திற்கு அளிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மதராஸ் ஆய்வகப் பொறுப்பு இவருக்குக் கிடைத்தது.

மதராஸில் 1,440 விண்மீன்களின் பட்டியலொன்றை வெளியிட்டார். சனிக் கோளின் மங்கலான உள்வளையம் ஊடுருவிப் பார்க்கத்தக்கது என்பதை 1852 இல் கண்டறிந்தார். ஏறத்தாழ அதே காலத்தில் லாசெல் என்பவரும் இதைக் கண்டார்.

70 ஒபியூக்கி

பூமியிலிருந்து ஏறத்தாழ 17 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள இவ்விரட்டையில் இரு விண்மீன்களும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றுகின்றன. ஈர்ப்பு விதிப்படி கணித்த பாதையிலிருந்து துணைவிண்மீன் சற்றே விலகிச் செல்வதை ஜேக்கப் கவனித்தார். கண்ணுக்குப் புலப்படாத கோளொன்று அதை இழுப்பதாகக் கொண்டால் விலகல் விளங்கும் என்று கருதினார். யுரேனசின் இதேபோன்ற விலகலைக் கொண்டு நெப்டியூன் 1846 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது என்பதை நோக்கினால், இது வீண்கற்பனை அன்று. அவரும் இதை உறுதியான முடிவாகக் கூறாமல், பெரிதும் சாத்தியமான ஒன்றாகவே முன்வைத்தார்.

பிழை அளவீடுகளில் இருந்தது. இவ்விரு விண்மீன்களுக்கிடையே தோன்றும் இடைவெளி சில விகலைகளே. ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு விகலை. வெவ்வேறு நோக்கர்கள் வெவ்வேறு கருவிகளில் கண்ணால் அளந்த எண்கள் அவை. மேலும், வில்லியம் ஹெர்ச்செல் இவ்விரட்டையை நோக்கிய 1779 முதல் 1855 வரை ஒரு முழுச் சுற்றுக்கூட நிறைவுறவில்லை.

எனினும் இவ்வெண்ணம் எளிதில் மறையவில்லை. அமெரிக்கரான தாமஸ் சீ 1890களில் இதே இரட்டையில் மறைபொருள் ஒன்று இருப்பதாக வாதிட்டார். அத்தகைய அமைப்பு நிலைத்திருக்க இயலாது என்று மோல்ட்டன் 1899 இல் கணித்துக் காட்டினார். சூரியக் குடும்பத்திற்கு வெளியே முதற்கோள்கள் 1992 இல் ஒரு துடிவிண்மீனைச் சுற்றியும், 1995 இல் சூரியனையொத்த 51 பெகாசி விண்மீனிடத்தும் அறியப்பட்டன. உறுதிசெய்யப்பட்டவை 2025 இல் 6,000 ஐக் கடந்தன. அவற்றுள் பலவும் கோளை நேரே காணாமல், விண்மீனின் அசைவைக் கொண்டே அறியப்பட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

இறுதிக்காலம்

உடல்நலக் குறைவால் 1859 இல் பதவி விலகினார். ஆயினும் பூனாவுக்கு அருகே மலைமீது ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைக் கைவிடவில்லை. பிரித்தானிய நாடாளுமன்றம் 1,000 பவுண்டு ஒதுக்க, 1862 ஆகஸ்ட் 8 அன்று பம்பாய் வந்திறங்கினார். எட்டாம் நாள் பூனாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 48.

மதராஸ் ஆய்வகத்தின் வானியல் பணிகள் 1899 இல் கொடைக்கானலுக்கு மாற்றப்பட்டன. திருவண்ணாமலை மாவட்டத்திலும் பரந்துள்ள ஜவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகம் அதே மரபில் வந்ததாகும்.