ஊர் கடந்தவர்களின் பண்டிதர்

போபோடி: நம் போபோடியிலும் அடுத்துள்ள கட்கியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பல, பாட்டன் காலத்தில் பட்டாளத்துக்கும், ரயில்வேக்கும், வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் வேலை தேடி வந்தவை. பஞ்சம் விரட்டியது என்பார்கள் பெரியவர்கள். பஞ்சம் மட்டுமா விரட்டியது? இதற்கு விடை தேடுவோர் அயோத்திதாசப் பண்டிதரின் வாழ்வை அறிதல் நலம்.

1845 மே 20ல் பிறந்தவர். இயற்பெயர் காத்தவராயன். கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே தம் பெயராக ஏற்றார். சித்த வைத்தியத்தில் வல்லவர்.

1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மடிந்தனர். நிலமில்லாத சேரி மக்களுக்கே அடி அதிகம். அக்காலத்தில் கோலார் தங்கவயல், ரங்கூன், இலங்கை, நேட்டால் என்று போனவர் ஏராளம். போன இடத்திலும் துன்பம் இருந்தது. ஆனால் கூலி காசாகக் கிடைத்தது. பண்ணையின் பிடி தளர்ந்தது.

1892ல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில் தம் மக்களுக்கு ஆலயப் பிரவேசம் வேண்டும் என்றார் பண்டிதர். சபையில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. மதுரை மீனாட்சி கோயில் கதவு அம்மக்களுக்குத் திறந்தது 1939ல்தான். இடையில் 47 ஆண்டுகள்!

அவர் கதவு திறக்கும்வரை காத்திருக்கவில்லை. கர்னல் ஆல்காட்டின் துணையோடு 1898ல் இலங்கை சென்று பௌத்தம் தழுவினார். சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 ஜூன் 19ல் 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழைத் தொடங்கினார். உள்ளூரில் ஏளனம் செய்தோர் உண்டு. ஆனால் கோலார் சுரங்கத் தொழிலாளரிடையேயும், ரங்கூனிலும், தென்னாப்பிரிக்காவிலும் அவர் கருத்து வேர் பிடித்தது. ஊரின் கட்டு அறுந்தவர்களே புதிய சிந்தனைக்கு முதலில் செவி கொடுத்தனர்.

1914 மே 5ல் மறைந்தார். நின்றுபோன 'தமிழன்' 1926ல் மீண்டும் வெளிவந்தது, கோலார் தங்கவயலில்தான்!

நம் லோனாவ்லா லோக்கல் நிற்கும் தேஹு ரோட்டில், 1954 டிசம்பர் 25ல் டாக்டர் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். 1956ல் நாகபுரியில் லட்சக்கணக்கானோருடன் பௌத்தம் தழுவினார். ஐம்பத்தெட்டு ஆண்டுகளுக்கு முன்பே அவ்வழி நடந்த தமிழருக்கு அஞ்சல் தலை வெளியானது 2005ல்.

நம் பாட்டனார் இங்கு கொண்டு வந்தது தகரப்பெட்டி மட்டுமல்ல. தலைநிமிர்ந்து வாழும் ஆசையும்தான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வேண்டாமா?